அரைப்பேர் போடும் பல்கலைக்கழகங்கள்

திம்புள்ளப் பள்ளத்தாக்கில் கொழுந்தெடுப்பவர்களுக்கு 'அரைப்பேர்' என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், அட்டைக்கடியும் மழையும் பட்டு, நாள் முழுக்க மலையில் நின்றிருப்பார்கள். மாலையில் தராசு, நிர்ணயித்த கிலோவுக்கு ஒன்றிரண்டு குறைத்துக் காட்டினால் செக்ரோலில் அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் விழும். கொழுந்து வராத மலையைப் பிரித்துக் கொடுத்தது யார், புல் வெட்டாமல் விட்டது யார் என்று தராசு கேட்பதில்லை. அதே தராசு இன்று இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கணினி விஞ்ஞான வகுப்பறைகளில் தொங்குகிறது. அதில் நிறுக்கப்படுகிறவர்கள் அதே தொழிலாளரின் பிள்ளைகள். இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கண்டனம் யாருக்கு என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். கணினி விஞ்ஞானம் கற்பிக்கும் அரச பல்கலைக்கழகங்களின் பீடங்களுக்கு, அவற்றின் மூதவைகளுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு. தாங்கள் அனுமதித்த மாணவருக்கு அவர்கள் கற்பிப்பதில்லை. பாதியை வெளியே படித்துவிட்டு வந்த மாணவருக்குத்தான் கற்பிக்கிறார்கள். விரிவுரை முடிந்த பிறகும் நின்று சந்தேகம் தீர்த்துவிட்டுப் போகும் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் ஒருவருடைய நல்ல மனதை நம்பி ஒரு கற்கைநெறி நடக்கக் கூடாது.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து கணினி விஞ்ஞானம் படிக்கப் போன மாணவி ஒருத்தியின் கொப்பியைப் பார்க்க நேர்ந்தது. அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த நோய் ஓரிடத்து நோய் அல்ல. எண்பது பக்கக் கொப்பி. முன்பக்கங்களில் விரிவுரைக் குறிப்புகள். கொப்பியைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து செய்நிரல்கள் எழுதியிருக்கிறாள். ஒரு பக்கத்தில், பத்து எண்கள் கொண்ட அணியில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் செய்நிரல். பக்கத்திலேயே அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்த ஓர் அட்டவணை: ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் பெறுமானம் என்ன, அதுவரை கண்ட பெரிய எண் எது என்று பென்சிலால் நிரப்பியிருக்கிறாள். விடை சரியாக வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு விடுதியில் எழுதியது அது. ஆய்வுகூடத்தில் அவளுக்குரிய நேரம் புதன்கிழமை. புதனன்று தட்டச்சு செய்து ஓட்டிப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் எண் வந்து நின்றது. காரணம் மிகச் சிறியது. அணியின் இடங்கள் பூச்சியத்தில் தொடங்கி ஒன்பதில் முடிகின்றன. 'பத்துக்குக் குறைவாக இருக்கும்வரை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பத்துக்குக் குறைவாக அல்லது சமனாக இருக்கும்வரை' என்று எழுதிவிட்டாள். தாளில் நடத்திப் பார்க்கும்போது கண் பத்தாவது எண்ணோடு தானாக நின்றுவிடும். இயந்திரம் நிற்காது. அது பதினோராவது இடத்துக்குப் போய், அங்கே கிடந்த குப்பையை எடுத்து வந்துவிட்டது. செய்நிரல் எழுதப் பழகிய எவரும் இந்தத் தவறைச் செய்யாமல் வந்ததில்லை. கையருகே ஒரு மடிக்கணினி இருந்திருந்தால் வெள்ளி இரவே பத்து நிமிடத்தில் பிடித்திருப்பாள். அவளுக்கு ஐந்து நாள் பிடித்தது. அந்த ஐந்து நாளில் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது.

இந்தப் பிள்ளைக்கா அறிவு போதவில்லை? இயந்திரமே இல்லாமல் இயந்திரத்தின் வேலையைத் தாளில் நடத்திப் பார்த்தவள் அவள். அந்தக் கொப்பியின் பின்பக்கங்களை எந்த ஆசிரியரும் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சிவப்பு மை எங்கும் இல்லை.

அடுத்தது மொழி. நம் நாட்டில் உயர்தரத்தைத் தமிழில் எழுதும் மாணவர் 'தர்க்கப் படலை' படிக்கிறார், 'உண்மை அட்டவணை' வரைகிறார், 'பணிசெயல் முறைமை' எப்படி நினைவகத்தைப் பங்கிடுகிறது என்று விடை எழுதுகிறார், 'தரவுத்தளம்' அமைக்கிறார். எல்லாம் பாடத்திட்டம் தந்த சொற்கள். அரசாங்கமே கொடுத்த சொற்கள். அதே அரசாங்கத்தின் பல்கலைக்கழகத்துக்குள் அவர் காலடி வைத்த முதல் நாளே அந்தச் சொற்கள் அத்தனையும் செல்லாக்காசாகின்றன. விரிவுரையாளர் 'கேட்' என்கிறார். மாணவர் விழிக்கிறார். அவர் அறிந்த படலைதான் அது. இரண்டும் ஒன்று என்று சொல்ல அங்கே ஆளில்லை. தெரிந்த பொருளுக்குப் பெயர் தெரியாமல் நிற்பவரை, பொருளே தெரியாதவர் என்று புள்ளியிடுகிறார்கள். நாம் அரைப்பேர் என்று சொல்வது இதைத்தான்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கணினித் துறையில் ஆங்கிலமில்லாமல் வேலை செய்ய முடியாது என்பதை எந்தத் தோட்டத்துத் தாயும் அறிவாள். அதற்காகத்தான் காதுத்தோட்டை அடகு வைத்து ஆங்கில ரியூஷனுக்கு அனுப்புகிறாள். கற்பிக்கும் கடமை யாருடையது என்பதுதான் நமது கேள்வி. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, எவருக்கும் தேசிய மொழிகளில் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது. வேறு மொழியில் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் விலக்களிக்கிறது. அந்த விலக்கைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் நிறுவனம், தமிழிலோ சிங்களத்திலோ படித்து வந்த பிள்ளையை ஆங்கிலத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். ஆரம்பத்தில் சில வாரம் நடக்கும் பொது ஆங்கில வகுப்பு அதற்குப் போதாது. கடிதம் எழுதப் பழக்கும் ஆங்கிலம் வேறு. ஒரு வழுச்செய்தியை வாசித்து எந்த வரியில் பிழை என்று அறியும் ஆங்கிலம் வேறு.

நம் மண்ணின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது என்று யாராவது நினைத்தால், வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையை நினைவூட்டுகிறோம். தேயிலைத் தோட்ட வாழ்க்கையை ஆங்கிலக் கவிதையாக எழுதியவர் அவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்கும் போனார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கதையை இங்கே முழுதாகச் சொல்ல இடமில்லை. ஆனால் 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் தயவில் இருந்தன என்பதை, இன்று இந்தப் பிள்ளைகளின் 'தரம்' பற்றிப் பேசுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். நாட்டின் மற்றப் பாடசாலைகள் பல தலைமுறை முன்னே போன பிறகுதான் நம் பாடசாலைகளுக்கு ஓட்டம் தொடங்கியது.

தரம் என்ற சொல் வந்துவிட்டதால் அதையும் பேசிவிடுவோம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. அந்த 16இல் நுவரெலியா ஒன்று. 'மாவட்டக் கோட்டாவில் வந்தவர்கள்' என்ற பேச்சு விரிவுரையாளர் அறைகளில் அடிபடுவதை அறிவோம். கேட்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் ஒழுங்காக இயங்கும் தமிழ்மொழிப் பாடசாலைகள் குறைவு. ஹட்டன் ஹைலண்ட்ஸ் போன்ற கல்லூரிகளை நோக்கி அக்கரப்பத்தனையிலிருந்தும் டயகமவிலிருந்தும் பிள்ளைகள் வர வேண்டியிருக்கிறது. பௌதிகவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்த வெற்றிடம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இத்தனையும் தாண்டி இணைந்த கணிதத்தில் சித்தியடைந்து வந்தவரைப் பார்த்து, கொழும்பில் மூன்று ஆசிரியர்களிடம் ரியூஷன் எடுத்தவரின் புள்ளியைக் காட்டி 'தரம்' பேசுவது அறமாகாது.

வெளியுலகம் இதற்கு விடை கண்டிருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கணினி விஞ்ஞானத்துக்கு அனுமதிக்கப்பட்டவர்களில் பெண்கள் 7 வீதம்தான். ஏன் என்று ஆய்வாளர்கள் ஜேன் மார்கோலிஸ், அலன் ஃபிஷர் இருவரும் மாணவர்களோடு உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பேசிப் பார்த்தார்கள். முன்பே செய்நிரல் எழுதிப் பழகி வந்தவர்களை மனதில் வைத்தே முதலாம் ஆண்டு நடக்கிறது, மற்றவர்கள் தங்களுக்கு அறிவில்லை என்று எண்ணி ஒதுங்குகிறார்கள் என்று கண்டார்கள். முன் அனுபவம் இல்லாதவர்களுக்குத் தனிப் பாதை வகுத்தார்கள், அனுமதி முறையையும் திருத்தினார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த 7 வீதம் 42 வீதமாயிற்று. அதே நாட்டின் ஹார்வி மட் கல்லூரியும் முதலாண்டு மாணவர்களை முன் அனுபவத்தின்படி பிரித்துக் கற்பித்து இதே போன்ற பலனைக் கண்டது. இந்த ஆய்வுகளை நம் பீடங்களில் உள்ளவர்கள் வாசித்திருப்பார்கள். வாசித்தும் செய்யாமல் இருப்பதுதான் குற்றம்.

'கணினி இல்லாமலே கணினி விஞ்ஞானம் கற்பிக்கலாம், டைக்ஸ்ட்ராவே அப்படிச் சொல்லியிருக்கிறார்' என்று நம்மிடம் வாதிட்டவர்கள் உண்டு. கணினி விஞ்ஞானி எட்சர் டைக்ஸ்ட்ரா 1988இல் எழுதியது உண்மை. முதலாண்டு மாணவருக்கு, வளாகத்தில் எந்த இயந்திரத்திலும் ஓடாத ஒரு மொழியில் பாடம் நடத்த வேண்டும், செய்நிரல் சரி என்பதை ஓட்டிப் பார்க்காமல் நிறுவிக் காட்டப் பழக வேண்டும் என்றார். அது ஒரு முழுமையான கற்பித்தல் முறை. ஒவ்வொரு வரியையும் ஆசிரியர் மாணவரோடு சேர்ந்து நிறுவ வேண்டும். நம்மிடம் நடப்பது என்ன? வீட்டில் மடிக்கணினி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒப்படை கொடுக்கிறார்கள். நள்ளிரவுக்குள் இணையத்தில் ஏற்றச் சொல்கிறார்கள். பிறகு பரீட்சையில் தாளும் பேனாவும் கொடுத்துச் செய்நிரல் எழுதச் சொல்லி, அரைப்புள்ளி விட்ட இடத்தில் புள்ளி குறைக்கிறார்கள். இரண்டு முறைகளின் பாரமும் ஏழைப் பிள்ளையின் தலையில். இரண்டின் பயனும் அவருக்கு இல்லை.

மடிக்கணினியின் விலையைத் தோட்டக் கணக்கில் சொல்கிறோம். 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் ரூபா சரிந்த பிறகு, உருப்படியாக வேலை செய்யும் புதிய மடிக்கணினி ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிதாயிற்று. 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்த ஒரு இலட்சத்தை அந்த அடிப்படைச் சம்பளத்தால் மட்டும் எட்ட 75 முழுப்பேர் வேண்டியிருந்தது. அந்த 75 நாளும் அரிசி வாங்கக் கூடாது, மாவு வாங்கக் கூடாது, தம்பிக்குச் சப்பாத்து வாங்கக் கூடாது. மகாபொலப் புலமைப்பரிசில் பணம் விடுதிச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்குமே பற்றாது. இதெல்லாம் பீடாதிபதிகளுக்குத் தெரியாத கணக்கல்ல. மாணவரின் பெற்றோர் தொழில், வருமானம் எல்லாம் விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது.

2020இல் கொரோனா வந்து வளாகங்கள் மூடியபோது பல்கலைக்கழகங்கள் இணைய வழியே விரிவுரை நடத்தின. லங்கா கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் வழியே மாணவருக்கு டேட்டா இலவசம் என்றார்கள், நல்ல காரியம். ஆனால் அலைவரிசை எட்டாத பள்ளத்து லயத்தில் இலவச டேட்டா என்ன செய்யும்? பிள்ளைகள் குடையும் தொலைபேசியுமாக மேல்மலை றோட்டுக்கு ஏறிப் போய், சிக்னல் கிடைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து வகுப்புக் கேட்டார்கள். மேகம் இறங்கினால் படம் நின்றுவிடும். பல்கலைக்கழகங்கள் அந்த ஆண்டுகளில் கற்ற பாடமாவது நிலைத்திருக்கும் என்று எதிர்பார்த்தோம். வளாகங்கள் திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

இந்தப் பள்ளத்தாக்கு நாட்டுக்குக் கொடுத்ததையும் ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இருக்கிறது. உலகம் மதிக்கும் விஞ்ஞானம் நம் லயங்களுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் நிலையம் 150 மெகாவாற் ஆற்றல் கொண்டது. அதற்கான நீரைத் தலவாக்கலையில் தேக்கி மலைக்குள்ளால் கொண்டுபோகிறார்கள். கொழும்பில் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் ஓடும் கணினிகளுக்கான மின்சாரத்தில் நம் மலையின் நீருக்கும் பங்குண்டு. அந்தக் கணினிகளின் முன்னால் நம் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலம்.

நம் அரசியல்வாதிகளையும் விட்டுவிட முடியாது. பாடசாலைக்குக் கணினிக் கூடம் என்று நாடா வெட்டி, படம் பிடித்து, பத்திரிகைக்கு அனுப்பினார்கள். இன்று அந்தக் கூடங்களில் சில பூட்டிக் கிடக்கின்றன. கற்பிக்க ஆசிரியர் இல்லை, கெட்ட இயந்திரத்தைத் திருத்தப் பணமில்லை. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் உதவியோடு எழுந்தது, மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கத்தான். தகவல் தொழில்நுட்பத்துக்கும் கணிதத்துக்கும் போதிய ஆசிரியர்களை அங்கிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்கே அனுப்பும்படி எத்தனை பேர் பாராளுமன்றத்தில் விடாமல் கேட்டார்கள்? மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்ற வாக்குறுதி தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. அது வரும்போது வரட்டும். இருக்கும் பல்கலைக்கழகங்களில் இருக்கும் பிள்ளைகள் இன்று கரைசேர வேண்டும்.

நாம் கேட்பது பெரிய பணமல்ல. முன்பு செய்நிரல் எழுதிப் பழகாத மாணவருக்கு முதல் அரையாண்டில் தனி வகுப்பு வேண்டும். வேகம் குறைந்ததாக, ஆனால் ஆழம் குறையாததாக. உயர்தரப் பாடத்திட்டத்தின் தமிழ், சிங்களச் சொற்களையும் அவற்றின் ஆங்கில இணைகளையும் அருகருகே தரும் கையேடு அனுமதிக் கடிதத்தோடு வீடு வந்து சேர வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் தலைமுறை, உள்நாட்டு மொழிகளைக் கணினிக்குள் கொண்டுவரும் வேலையை 1980களிலேயே தொடங்கியது. அவர்கள் கட்டி வளர்த்த துறைக்கு நாற்பது பக்கக் கையேடு அச்சிடுவது கடினமா? மூன்றாம், நான்காம் ஆண்டுத் தமிழ் மாணவர்களுக்குக் கொடுப்பனவு தந்து வாரம் இருமுறை தமிழில் துணைவகுப்பு நடத்த வைக்கலாம். சிங்களக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. மொனராகலையின் பிள்ளையும் இதே தராசில்தான் நிற்கிறது, அதற்காகவும் பேசுகிறோம். ஆய்வுகூடம் இரவு பத்து மணிவரையும் சனி, ஞாயிறும் திறந்திருக்கட்டும். நூலகத்தில் புத்தகம் இரவல் தருவதுபோல மடிக்கணினி இரவல் தரட்டும். முதலாண்டுச் செய்நிரலாக்கப் பரீட்சையைக் கணினி முன்னால் நடத்தட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கணக்கைக் காட்டட்டும். எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் அனுமதி பெற்றார்கள் என்பதை ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அவர்களில் எத்தனை பேர் முதலாம் ஆண்டைத் தாண்டினார்கள், எத்தனை பேர் பாடம் மீட்டி எழுதினார்கள், எத்தனை பேர் இடையில் வீடு திரும்பினார்கள் என்பதை மாவட்டவாரியாகவும் உயர்தரம் எழுதிய மொழிவாரியாகவும் கணினிக் கற்கைநெறிகளுக்கு வெளியிட வேண்டும். உள்ளே எடுத்த எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் வெளியே அனுப்பிய எண்ணிக்கையையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்தத் தரவைக் கேட்க எந்தப் பிரஜைக்கும் உரிமை உண்டு. நாமும் கேட்கப் போகிறோம். கிடைக்கும் பதிலை, பதில் மறுக்கப்பட்டால் அந்த மறுப்பை, இதே பக்கத்தில் அச்சிடுவோம்.

தலவாக்கலை, கொட்டகலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம, வட்டகொடைப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசியில் 'எனக்கு இது வராது அம்மா, திரும்பி வந்துவிடுகிறேன்' என்று சொன்னால், பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், வரவும் சொல்லாதீர்கள். என்ன வகுப்பு நடக்கிறது, ஆய்வுகூடம் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், யாரிடம் கேட்டும் உதவி கிடைக்கவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எங்களுக்கு அனுப்புங்கள். பிள்ளையின் பெயர் வெளியே வராது. அடுத்த தொகுதி மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு வரும் முன் அந்தக் கையேடும், இரவல் மடிக்கணினியும், ஆயத்த வகுப்பும் தயாராக இருக்க வேண்டும்.